எந்தக் கல்யாணசுந்தரம்?



முகநூலில் ஒரு கூத்தை அடிக்கடி பார்க்கிறேன். திரு.வி.க. பிறந்தநாள் என்று வாழ்த்து எழுதியிருப்பார்கள். மேலே பட்டுக்கோட்டையார் படம் இருக்கும். அதற்கு நூறு லைக்கும் விழுந்திருக்கும். இரண்டு பேருமே கல்யாணசுந்தரம்தானே, விடுங்கள் சார் என்கிறார்கள். எனக்கு விட மனமில்லை.

முதலில் திரு.வி.க. அந்தத் ‘திரு’ மரியாதைச் சொல் அல்ல. பலரும் ‘திருவாளர்’ என்று நினைத்துக்கொண்டு ‘திரு’வைத் தனியாகப் பிரித்து எழுதுகிறார்கள். அது திருவாரூர், முன்னோர் ஊர். ‘வி’ அப்பா விருத்தாசலம். 1883இல் பிறந்தவர் பிறந்தது துள்ளம் கிராமத்தில், சென்னைக்கு மேற்கே, நம் பக்கம்தான். வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் (நம் சாதி, அதாவது வாத்தியார் சாதி!), அந்த வேலையை விட்டுவிட்டு ‘தேசபக்தன்’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். பி.பி. வாடியா தலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1930இல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்தவர். விவசாயிகள் இயக்கத்தில் வளர்ந்து, சினிமாப் பாட்டில் உழைப்பவன் வலியை வைத்தவர். 1959இல் போய்ச் சேர்ந்தபோது வயது 29. அந்த வயதில் நான் இன்னும் ஊர் மாற்றலுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாமவர் எம். கல்யாணசுந்தரம். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர், திருச்சியிலிருந்து 1971லும் 1977லும் மக்களவைக்குப் போனவர். ‘தொழிலாளர் தலைவர் கல்யாணசுந்தரம்’ என்று மட்டும் எழுதினால் இவரா, திரு.வி.க.வா? சங்கடம் இங்கேதான். மூன்று பேரும் உழைப்பாளிகள் பக்கம் நின்றவர்கள். பெயரும் ஒன்று, பக்கமும் ஒன்று. அதனால் ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதுவது சுலபமாகிவிடுகிறது.

நான்காமவர் பாலம் கல்யாணசுந்தரம். ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்து சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்தவர். 2023இல் பத்மஸ்ரீ. இவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் பட்டங்களும் கோடிகளும் வருடா வருடம் கூடுகின்றன. அவை எதற்கு? சம்பளத்தைக் கொடுத்தார் என்பது போதாதா?

தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் நிற்கும் ஊரும் அப்பா பெயரும்தான் ஒரு கல்யாணசுந்தரத்தை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன. மாணவர் பெயருக்கு முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுதச் சொல்லி அரசு 2021இல் சொன்னது நல்ல காரியம். அம்மா பெயரின் எழுத்தையும் சேர்த்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லித்தருவது யார்? விண்ணப்பத்தில் கட்டம் நிரப்புவதோடு முடிந்துவிடுகிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? எங்கள் ஊர் வழியாகத்தான் தினமும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் போகின்றன. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டவற்றில் முக்கியமானது, எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. அந்த பஸ்ஸில் போகும் பையனுக்கு, நூறு வருடம் முன்பு பெரம்பூரில் இதே காரியத்துக்காக நின்ற ஒரு தமிழ் வாத்தியாரின் முகம் தெரிய வேண்டும். அவன் போனில் தேடும்போது வேறு முகம் வந்து நின்றால் எப்படி?

ஆகஸ்ட் 26 திரு.வி.க. பிறந்தநாள். இந்த வருடம் வாழ்த்துப் போடுபவர்கள் படத்தை ஒரு முறை சரிபார்த்துவிட்டுப் போடுங்கள். இதைப் படிக்கும் கல்யாணசுந்தரம் யாராவது இருந்தால், உங்கள் பெயருக்கு முன்னால் இருப்பது எந்த ஊர், யார் பெயர் என்று கீழே எழுதுங்கள்.