இரவல் பெயரில் எழுந்த கோட்டை!

பென்சில் டப்பா வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. ஒரே அளவு, ஒரே தகரம். ஒன்றில் வெறும் கோடுகள். மற்றொன்றில் உங்களுக்குப் பிடித்த கார்ட்டூன் நாயகன். அதற்கு விலை பத்து ரூபாய் அதிகம். எதைக் கேட்டு அடம் பிடிப்பீர்கள்?

கார்ட்டூன் டப்பாவைத்தானே! அந்தப் பத்து ரூபாய் முழுவதும் டப்பா செய்தவருக்குப் போகாது. ஒரு பங்கு கார்ட்டூனின் சொந்தக்காரருக்குப் போகும். இதைத்தான் 'ராயல்டி' என்கிறார்கள். அடுத்தவருக்குச் சொந்தமான பெயரையும் படத்தையும், பணம் கட்டி, குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதிக்கு 'லைசென்ஸ்', அதாவது உரிமம் என்று பெயர்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2025 நவம்பரில் 'ஸ்பாஞ்ச்பாப்' கார்ட்டூனை வைத்து ஒரு புதிய வீடியோ கேம் வெளிவந்தது. வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் 'டி.எச்.க்யூ. நார்டிக்'. ஆனால், டி.எச்.க்யூ. என்ற அமெரிக்க நிறுவனம் 2013-லேயே ஏலம் போய் மூடப்பட்டுவிட்டது! மூடிய கம்பெனியின் பெயர் எப்படித் திரும்பி வந்தது? அதுதான் கதை.

பொம்மையில் பிறந்தது

ஜாக் ஃப்ரீட்மேன் என்பவர் அமெரிக்காவில் பொம்மை வியாபாரத்தில் கைதேர்ந்தவர். அவர் 1990-ல் கலிபோர்னியா மாநிலத்தில் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். டி.எச்.க்யூ. என்பதற்கு 'பொம்மைகளின் தலைமையகம்' என்று பொருள். சில ஆண்டுகளிலேயே பொம்மைகளைக் கைவிட்டு, வீடியோ கேம் வெளியிடுவதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டது.

வெளியீட்டாளர் என்றால் யார்? புத்தகத்தை எழுதுபவர் ஒருவர். அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்புபவர் பதிப்பாளர். கேமிலும் அப்படித்தான். உருவாக்கும் குழுவுக்கு 'ஸ்டூடியோ' என்று பெயர். பணம் போட்டு, விளம்பரம் செய்து, விற்பவர் வெளியீட்டாளர்.

புதிய நாயகனைப் பிரபலமாக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே பிரபலமான நாயகனை வாடகைக்கு எடுத்தால்? வேலை சுலபம்! டி.எச்.க்யூ. பிடித்த வழி இதுதான். டி.வி. கார்ட்டூன்கள், மல்யுத்தம், சினிமா என்று வரிசையாக உரிமம் வாங்கியது. 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்த 2003-லும், 'கார்ஸ்' படம் வந்த 2006-லும் அவற்றின் கேம்களை இந்த நிறுவனமே வெளியிட்டது. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இதன் விற்பனை வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது.

வாடகை வீட்டின் சங்கடம்

வாடகை வீட்டில் எவ்வளவு காலம் குடியிருந்தாலும் வீடு நமக்குச் சொந்தமாகாது. உரிமமும் அப்படித்தான். டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த அமைப்பின் பெயரில் டி.எச்.க்யூ. வெளியிட்ட கேம்கள் சக்கைபோடு போட்டன. ஆனால், அந்த உரிமம் போட்டி நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கைக்குப் போனது. நல்லவேளையாக, 1999-ல் எதிர் அணியான டபிள்யூ.டபிள்யூ.எப். அமைப்பின் உரிமம் டி.எச்.க்யூ.வுக்குக் கிடைத்தது. இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. என்று நீங்கள் டி.வி.யில் பார்ப்பது அதைத்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சினிமா வெளியாகும் நாளில் கேமும் கடைக்கு வர வேண்டும். வேலை முடியாவிட்டாலும் தேதி தள்ளிப்போகாது. அவசர அவசரமாகச் செய்த கேமை, நாயகன் முகத்தைப் பார்த்து வாங்கிய பிள்ளைகள் ஏமாந்தார்கள்.

பிறகு ஸ்மார்ட்போன் வந்தது. அம்மா, அப்பாவின் போனிலேயே இலவசமாக கேம் கிடைத்தபோது, கார்ட்டூன் கேமுக்காகத் தனியாகப் பணம் கொடுப்பது குறைந்தது.

இந்த நேரத்தில் 'யூட்ரா' என்ற பலகையை டி.எச்.க்யூ. விற்றது. அதில் பேனா போன்ற குச்சியால் வரைந்தால் டி.வி. திரையில் படம் தெரியும். 2010-ல் 'வீ' என்ற கேம் கருவிக்கு வந்தபோது நன்றாக விற்றது. அந்தத் தெம்பில், 2011-ல் வேறு இரண்டு கருவிகளுக்கும் ஏராளமாகத் தயாரித்தார்கள். அவற்றை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். படம் வரையும் பலகையை அவர்கள் சீண்டவே இல்லை. சுமார் 14 லட்சம் பலகைகள் தேங்கின. எதிர்பார்த்த வருமானத்தில் 10 கோடி டாலர் அளவுக்குத் துண்டு விழுந்தது.

ஏலம் சொன்ன பாடம்

2012 டிசம்பர் 19-ல் டி.எச்.க்யூ. நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது. கடனைத் திருப்பித் தர முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் திவால். அடுத்த மாதமே ஏலம் நடந்தது.

அங்கே எது நல்ல விலைக்குப் போனது தெரியுமா? 'ரெலிக்' என்ற ஸ்டூடியோவை ஜப்பானின் சேகா நிறுவனம் 2 கோடியே 66 லட்சம் டாலருக்கு வாங்கியது. 'வொலிஷன்' ஸ்டூடியோவும் அதன் கேமும் 2 கோடியே 23 லட்சம் டாலருக்குப் போயின. இரண்டுமே சொந்தமாகக் கதையும் நாயகர்களும் படைத்த குழுக்கள்! மல்யுத்த உரிமமோ வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டது. இரவல் வாங்கியது இரவல் கொடுத்தவரிடமே திரும்பியது. சொந்தமாகச் செய்ததற்கு மட்டுமே கடைசியில் மதிப்பு இருந்தது.

ஆனால், இதிலும் ஒரு வருத்தம். 'விஜில்' என்ற ஸ்டூடியோவும் சொந்தமாக நல்ல கேம் செய்ததுதான். அதை வாங்க யாரும் வரவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பலகையை அளவுக்கு மீறித் தயாரிக்கச் சொன்னது அவர்கள் இல்லையே! மேலே எடுக்கும் முடிவின் சுமை கீழே இருப்பவர் தலையில் விழுகிறது.

மீண்டும் எழுந்த பெயர்

மிச்சம் மீதியை 2013-ல் சுமார் 49 லட்சம் டாலருக்கு வாங்கியது நார்டிக் கேம்ஸ். அதன் நிறுவனர் சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் விங்கேஃபோர்ஸ். 13 வயதிலேயே பழைய காமிக்ஸ் புத்தகங்களை விற்று வியாபாரம் பழகியவர்! 2014-ல் டி.எச்.க்யூ. என்ற பெயரையும் வாங்கி, 2016-ல் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். 2003-ல் பழைய டி.எச்.க்யூ. வெளியிட்ட ஸ்பாஞ்ச்பாப் கேம் ஒன்றை, 2020-ல் புதுப்பித்தும் வெளியிட்டார்கள்.

ஆனால், அவர்களின் தாய் நிறுவனமான எம்பிரேசர், கடைகடையாக வாங்கிக் குவித்ததுபோல ஸ்டூடியோக்களை வாங்கியது. நம்பியிருந்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று 2023-ல் கைநழுவியதும் செலவைக் குறைக்க வேண்டியதாயிற்று. அன்று ஏலத்தில் நல்ல விலை போன வொலிஷன், 30 ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்த ஆகஸ்டில் மூடப்பட்டது. சொந்தச் சரக்கு இருந்தால் மட்டும் போதாது, வரவறிந்து செலவு செய்யவும் வேண்டும் என்பது இதில் கிடைக்கும் இரண்டாவது பாடம்.

குட்டீஸ், அடுத்த முறை பிடித்த நாயகன் படம் போட்ட கேமோ, பையோ, பென்சில் டப்பாவோ வாங்கும்போது, அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். செய்தவர் யார், பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று அங்கே இருக்கும். முகத்தை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் பொருள் நன்றாக இருக்கிறதா? ஆம் என்றால் தாராளமாக வாங்குங்கள்!