அறைக்குள் சொன்னது நெறியாளருக்கு எப்படிப் போனது?

கடந்த மாதம் ஒரு மாணவி நம்மைச் சந்திக்க வந்திருந்தார். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். அப்பாவும் அம்மாவும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் காலனியிலிருந்து இவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பெண் இவர்தான்.

நெறியாளரின் அறையில் மற்ற ஆய்வாளர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். இவர் மட்டும் நின்றபடியே பேச வேண்டும். எழுதிக் கொடுத்த இயல் ஆறு மாதமாகியும் திருத்தப்படாமல் கிடந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல், பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசனை மையத்துக்குப் போயிருக்கிறார். ஒரு மணி நேரம் பேசினார், அழுதார். பாரம் இறங்கியது போல இருந்ததாம்.

அடுத்த வாரம் நெறியாளர் கூப்பிட்டார். "என்னம்மா, உனக்கு மனசு சரியில்லையாமே? ஊருக்குப் போய் கொஞ்ச நாள் இருந்துட்டு வா. ஆராய்ச்சி எல்லாருக்கும் ஒத்துவராது" என்றார்.

அந்த மாணவி நம்மிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "தோழர், நான் அந்த ரூமுக்குள்ள சொன்னது இவருக்கு எப்படிப் போச்சு?"

நம் கல்வி நிறுவனங்களில் ஆலோசனை மையங்கள் பெருகிவரும் இந்த நேரத்தில், எல்லா மாணவர்களும் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

தீர்ப்பு சொல்வது என்ன?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. விசாகப்பட்டினத்தில் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்காகத் தங்கியிருந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பாக அவருடைய தந்தை தொடுத்த வழக்கு அது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் மனநலமும் அடங்கும் என்று கூறிய நீதிமன்றம், தனிச் சட்டம் வரும்வரை எல்லாக் கல்வி நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய 15 வழிகாட்டுதல்களை வகுத்தது.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட விளிம்புநிலை மாணவர்களைப் பாகுபாடின்றி, உணர்வறிந்து நடத்த ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். சாதியின் பேரால் நடக்கும் தொல்லைகளைப் பற்றிப் புகார் செய்ய, ரகசியம் காக்கும் ஏற்பாடு வேண்டும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது.

இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஆலோசகரை நியமிப்பதோடு வேலை முடிந்துவிடாது. அந்த அறைக்குள் என்ன விதி நடக்கிறது என்பதுதான் முக்கியம். விதி இல்லாத ஆலோசனை அறை, பூட்டு இல்லாத பெட்டி போன்றது. அதில் நம் பிள்ளைகள் தங்கள் மனதைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள்.

சட்டத்தில் இருப்பது

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மனநலப் பாதிப்புள்ள ஒருவருடைய நிலை, சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமை, பராமரிப்போ சிகிச்சையோ தருகிற நலவாழ்வுத் துறைப் பணியாளர்கள் எல்லோருக்கும் உண்டு என்கிறது அதன் 23ஆவது பிரிவு. விதிவிலக்குகளும் உண்டு. உயிருக்கு ஆபத்து, மற்றவருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு முதலிய சில சூழல்களில் மட்டும், தேவையான அளவு விவரத்தை மட்டும் வெளியிடலாம். துறைத் தலைவர் கேட்டார், விடுதிக் காப்பாளர் கேட்டார் என்பதெல்லாம் அந்த விதிவிலக்குகளில் இல்லை.

அதே சட்டத்தின் 3ஆவது பிரிவும் நமக்கு முக்கியமானது. ஒருவருடைய சமூக, பொருளாதார, அரசியல் நிலையை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது. சுற்றியுள்ள சமூகத்தின் வழக்கங்களுக்கும் மதிப்பீடுகளுக்கும் ஒத்துப்போகாததை வைத்தும் அப்படி முடிவு செய்யக் கூடாது. சாதியைக் கேள்வி கேட்கும் மாணவருக்கு "மனசு சரியில்லை" என்று பெயர் வைப்பதைச் சட்டமே ஏற்கவில்லை.

சிக்கல் எங்கே என்றால், கல்லூரி ஆலோசனை அறைக்கு வருகிற மாணவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர், மனச்சுமையோடு வருகிறவர்கள். பல கல்லூரிகளில் அங்கே உட்கார்ந்திருப்பவரும் மருத்துவர் அல்லர். கூடுதல் பொறுப்பு கொடுக்கப்பட்ட ஓர் ஆசிரியர். "இந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை" என்று அவர் சொல்லக்கூடும். அதனால்தான் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கான ரகசியக் காப்பு விதியை எழுதி, கையொப்பமிட்டு, அந்த அறையின் சுவரிலேயே தமிழில் ஒட்ட வேண்டும் என்கிறோம்.

அலமாரியில் இருக்கும் வாழ்க்கை

கலை அறிவியல் கல்லூரிகளில் இன்னொரு நடைமுறை இருக்கிறது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் இத்தனை மாணவர் என்று பிரித்து, 'மென்டார்' என்ற வழிகாட்டி ஆசிரியர் முறை நடக்கிறது. நாக் மதிப்பீட்டின்போது காட்டுவதற்கு ஒரு பதிவேடும் இருக்கும். பல இடங்களில் அந்தப் பதிவேட்டில் மதிப்பெண்ணோடு மாணவரின் குடும்பப் பிரச்சினையும் எழுதப்படுகிறது. அப்பா குடிக்கிறார், கடன் இருக்கிறது, பஸ்ஸில் சாதி சொல்லித் திட்டினார்கள் என்றெல்லாம் மாணவர் நம்பிச் சொன்னது துறை அலமாரியில் இருக்கும். அலமாரிச் சாவி எல்லோர் கையிலும் இருக்கும்.

வழிகாட்டி ஆசிரியர் முறை கூடாது என்பது நம் வாதமல்ல. அன்போடு நடத்தும் ஆசிரியர்கள் எத்தனையோ பேரை நமக்குத் தெரியும். ஆனால் அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுகிறவரிடமே மனதைத் திறந்து பேசு என்றால், எந்த மாணவர் பேசுவார்? மதிப்பெண் போடும் கையும் ஆலோசனை சொல்லும் வாயும் ஒருவருடையதாக இருக்கக் கூடாது. ஆலோசனையின் முதல் அறம் அதுதான்.

வீட்டுக்குச் சொல்லலாமா?

"பெற்றோருக்குத் தெரிவித்தோம்" என்று சொல்வதை நிர்வாகங்கள் பெரிய பொறுப்பாக நினைக்கின்றன. 18 வயது நிறைந்த மாணவர் சட்டப்படி முழு மனிதர். அவர் விருப்பமில்லாமல் வீட்டுக்குப் போன் போடுவது எப்போதும் நன்மையில் முடியாது.

நம் ஊர் நிலைமையை வைத்தே யோசிப்போம். வேறு சாதிப் பையனை விரும்பும் ஒரு பெண், மனக்குழப்பத்தோடு ஆலோசகரிடம் பேசுகிறார். ஆலோசகர் 'நல்லெண்ணத்தில்' அப்பாவுக்குச் சொல்லிவிடுகிறார். ஆணவக் கொலைகள் நடக்கிற மாநிலத்தில் அந்த ஒரு போன் எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. உயிரைக் காப்பதற்காகத் தந்த விதிவிலக்கு, உயிரைப் பறிக்க வழி காட்டிவிடக் கூடாது.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 18 வயது நிறைந்த எவரும் தன் சார்பில் முடிவெடுக்கத் துணை நிற்கும் நியமனப் பிரதிநிதியைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. அதே முறையைக் கல்லூரியிலும் கொண்டுவரலாம். நெருக்கடி வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை மாணவரே முதல் நாளில் எழுதிக் கொடுக்கட்டும். அது அம்மாவாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், தோழியாக இருக்கலாம்.

சாதிக்கு மாத்திரை இல்லை

ரகசியம் காப்பது ஆலோசனை அறத்தின் ஒரு பாதி. வெளியே நடக்கும் அநீதியை மாணவரின் பலவீனமாக மாற்றாமல் இருப்பது மறுபாதி.

2014 முதல் 2021 வரை மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் 122 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக ஒன்றியக் கல்வி அமைச்சர் 2021 டிசம்பரில் மக்களவையில் தெரிவித்தார். அவர்களில் 24 பேர் பட்டியல் சாதியினர், 3 பேர் பழங்குடியினர், 41 பேர் பிற்படுத்தப்பட்டோர். இத்தனை பேருடைய துயரத்தையும் 'தனிப்பட்ட காரணம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட முடியுமா?

2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். அவருக்கு மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை. விடுதியிலிருந்தும் நண்பர்களோடு வெளியேற்றப்பட்டிருந்தார். 2017 மார்ச்சில் டெல்லியில் இறந்த ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் முத்துக்கிருஷ்ணன் நம் சேலத்துப் பிள்ளை. ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை என்று முகநூலில் எழுதியிருந்தார். நின்றுபோன உதவித்தொகைக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. நேர்முகத் தேர்வில் குறைக்கப்பட்ட மதிப்பெண்ணைத் தியானம் கூட்டித் தராது.

2023 பிப்ரவரியில் மும்பை ஐ.ஐ.டி.யில் முதலாண்டு தலித் மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தார். நிறுவனம் அமைத்த குழு, சாதிப் பாகுபாட்டுக்குக் குறிப்பான ஆதாரம் இல்லை என்றும், படிப்பில் பின்தங்கியது காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னது. குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. அங்குள்ள அம்பேத்கர் பெரியார் பூலே படிப்பு வட்ட மாணவர்கள், ஆலோசனை மையத்தில் பட்டியல் சாதி, பழங்குடி ஆலோசகர்கள் வேண்டும் என்று கேட்டுவந்தார்கள். அது சலுகைக்கான கோரிக்கை அல்ல. 'கோட்டாவில் வந்தவன்' என்ற சொல் எப்படிக் குத்தும் என்பதை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒருவர் எதிரே இருக்க வேண்டும் என்ற கோரிக்கை.

அதே நேரம், ஆலோசனை அறை புகார்ப் பிரிவுக்கு மாற்றாகிவிடக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள், பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவர் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்கின்றன. நடந்தது குற்றமென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இந்த வழிகள் இருப்பதை ஆலோசகர் மாணவருக்குச் சொல்ல வேண்டும். போவதா வேண்டாமா என்பதை மாணவர்தான் முடிவு செய்ய வேண்டும். "இதைப் பெரிசு பண்ணாதே" என்று தடுப்பதும் தவறு. மாணவரைக் கேட்காமல் புகாராக்குவதும் தவறு.

நாம் செய்யக்கூடியது

ஆலோசனைக்குப் போகிற மாணவர்கள் உட்கார்ந்தவுடன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் சொல்வதை எழுதி வைப்பீர்களா? அதை யார் பார்க்க முடியும்? என்னைக் கேட்காமல் எப்போது வெளியே சொல்வீர்கள்? நல்ல ஆலோசகர் இதற்குக் கோபப்பட மாட்டார். நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லியிருப்பார்.

அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆலோசகரின் கல்வித் தகுதி என்ன, எழுதப்பட்ட ரகசியக் காப்பு விதி உண்டா, பாகுபாடு தடுப்பு அலுவலர் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்பார்கள் நம் பெரியவர்கள். காலங்காலமாகப் பக்கம் பார்த்தே பேசிப் பழகிய சமூகம் நம்முடையது. அச்சமில்லாமல் பேச ஓர் அறை கிடைத்தது என்று நம்பிப் போன பெண்ணை, மறுபடியும் பக்கம் பார்க்க வைத்துவிட்டார்கள்.

அவர் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. நெறியாளரை மாற்றக் கேட்டுப் பதிவாளருக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். கூடவே அந்த மையத்தின் ரகசியக் காப்பு விதியின் நகலைக் கேட்டுத் தகவல் உரிமை மனுவும் அனுப்பியிருக்கிறார். பதில் வர இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

(மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ ஏற்பட்டால் 104 அல்லது 14416 என்ற எண்களில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.)