இரண்டு பேருக்கான ஒரு நாள்



நமுனுகுலவிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. கல்யாணத்துக்கு முன்பு எல்ல பக்கம் ஒரு நாள் போய் ‘ப்ரீ ஷூட்’ எடுத்தே ஆக வேண்டுமென்று இருவரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். சொந்தக்காரர் ஒருவர், “தாலி ஏறுறதுக்கு முந்தியே கையைக் கோத்துக்கிட்டு போட்டோவா?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாராம். செலவை நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறதாம். “இதெல்லாம் நமக்குத் தேவையா? நீங்களே சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறார்.

தேவைதான் அம்மா. தயங்காமல் சொல்கிறேன். உங்கள் வீட்டில் எழுந்த இந்தக் கேள்வி இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் எழுகிறது. அதனால் இந்த மாதம் இதையே பேசிவிடலாம்.

நம் தோட்டங்களில் புருஷனும் மனைவியும் தனியாக இருந்து நாலு வார்த்தை பேச எங்கே இடம் இருந்தது? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா. அதற்குள்ளே மாமனார், மாமியார், கொழுந்தன், பிள்ளைகள். நடுவில் ஒரு பழைய சேலைதான் சுவர். விடிந்ததும் பிரட்டுக்களம். அவள் கொழுந்து மலைக்கு, அவர் கவ்வாத்து மலைக்கு. அந்தி சாய்ந்து வந்தால் தண்ணீர், விறகு, அடுப்பு. கல்யாணமாகி முப்பது வருஷமான ஒரு ஜோடியிடம், “நீங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து எங்கே போயிருக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கதிர்காமம் போனோம்” என்பார்கள். அதுவும் வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை, “எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு நாள் வேண்டும்” என்று கேட்டால், அதை ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஆட்களை மற்றவர்கள் படம் எடுத்த கதை மிகப் பழையது. உலகமறிந்த ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1875 இல் இலங்கைக்கு வந்தார். 1879 இல் இறக்கும் வரை இங்கேதான் பெரும்பாலும் இருந்தார். அவருடைய கல்லறை பொகவந்தலாவை தேவாலய வளவில் இருக்கிறது. தோட்டத்துத் தமிழர்கள் பலரை அவர் படம் பிடித்தார். படங்கள் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. படத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோரின் பெயர் யாருக்கும் தெரியாது. அதன் பிறகு வந்த தபால் அட்டைகளிலும், தேயிலைப் பெட்டிகளிலும், இன்று வரும் சுற்றுலா விளம்பரங்களிலும் நம் பெண்கள் கூடையோடு சிரிக்கிறார்கள். அவர்களுக்கும் பெயர் இல்லை.

நாமாக எடுத்துக்கொண்ட படங்கள் என்ன? எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் முதல் புகைப்படம் அடையாள அட்டைக்காக எடுத்ததாக இருக்கும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போகும் பாஸ்போர்ட்டுக்காக ஸ்டூடியோ படியேறிய குடும்பங்களும் உண்டு. அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது. நாட்டை விட்டுப் போகும் காகிதத்துக்கான படத்தில் சிரிப்பு எங்கிருந்து வரும்?

இப்போது ஒரு தோட்டத்துப் பெண், தான் விரும்பிய சேலையில், தான் விரும்பியவரோடு, தான் தேர்ந்தெடுத்த இடத்தில், தன் பெயரோடு நின்று படம் எடுக்கக் கேட்கிறாள். நாம் சந்தோஷப்பட வேண்டாமா?

சரி, எங்கே எடுப்பது? எல்லோருக்கும் எல்லதான் நினைவுக்கு வருகிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் முடிந்தது. இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டியது. நூறு வருஷம் தாண்டியும் கோச்சி அதன்மேல் ஓடுகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு மேல் அங்கே போய்ப் பாருங்கள். உங்கள் தோளுக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஐம்பது பேர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்கான படம் எப்படி எடுப்பது? பாலம்தான் வேண்டுமென்றால் விடியற்காலையில் போய்விடுங்கள். தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். கோச்சியின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு படமெடுக்கப் போய் உயிரை விட்டவர்களின் செய்திகளை நாம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாலத்தை மேலே கரையில் நின்று எடுத்தால்தான் வளைவு முழுவதும் விழும். அதை எந்த நல்ல கமராக்காரரும் ஒத்துக்கொள்வார்.

கடிதம் எழுதிய தாய்க்கு நான் சொல்வது வேறு. நமுனுகுல மலை 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து உங்கள் வாசலில் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து காசு கட்டி, இணையத்தில் கமராக்காரரைப் பதிவு செய்துகொண்டு ஜோடிகள் வந்து தேடுவதும் இந்தப் பச்சையையும் பனியையும்தான். கனவரல்ல பக்கத்து மலை வளைவிலோ பசறைக்கு இறங்கும் வழியிலோ எடுத்தால் அறை வாடகை, வேன் கூலி எல்லாம் மிச்சம். உங்கள் மகள் கல்யாணமாகிக் கொழும்பு போகப் போகிறவள். தான் வளர்ந்த மலை படத்தில் இருப்பது அவளுக்கு நாளைக்குப் பெரிய விஷயமாக இருக்கும்.

காலம் பார்க்கவும் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் ஹட்டன், நுவரெலியா பக்கம் மழை கொட்டும்போது நம் ஊவாவில் வானம் வெளுத்திருக்கும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கும் அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி வாசனை ஏறுகிறது. படம் எடுக்கவும் அதுவே நல்ல பருவம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அதனால் கமராக்காரர்களுக்கும் ஓய்வு இருக்கும், விலையும் பேசலாம். காற்று பலமாக இருக்கும், முந்தானைக்குக் கூடுதலாக நாலு ஊசி எடுத்துப்போங்கள். தை கல்யாணத்துக்குக் கார்த்திகை, மார்கழியில் எடுக்கப் போனால் மழைக்கு ஒரு மாற்று நாளை முதலிலேயே பேசி வையுங்கள். பனி மூடிய படம் அழகாக வரும், ஆனால் கால் முழுக்க அட்டை ஏறும். கணுக்காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளும் பழைய வைத்தியம் கௌன் போட்ட மணமகளுக்கும் பொருந்தும்!

தேயிலை மலைக்குள் இறங்குவதென்றால் தோட்டத்து ஒபிஸில் ஒரு வார்த்தை கேட்டு அனுமதி வாங்குங்கள். எந்த மலையில் அண்மையில் மருந்து அடித்திருக்கிறார்கள், எங்கே குளவிக்கூடு இருக்கிறது என்பதையும் அங்கே வேலை செய்பவர்களிடமே விசாரியுங்கள். குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் செய்தி நமக்குப் புதிதில்லை. ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு. கமராக்காரர் அவற்றைப் பின்பற்றுகிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். படத்துக்குப் பின்னணியாகக் கொழுந்து பறிக்கும் பெண்களை நிறுத்திவைப்பதும், கூடையை இரவல் வாங்கித் தலையில் மாட்டிக்கொள்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது. வெளியார் செய்கிறார்கள் என்று பார்த்தால் நம் பிள்ளைகளும் செய்கிறார்கள். நிரையில் நிற்கும் அந்த அக்காவுக்கு ஒவ்வொரு நிமிஷமும் கொழுந்து. நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். 2021 இல் 1,000 ரூபாய்ச் சம்பளத்துக்கும், 2024 இல் 1,350 ரூபாய்க்கும் எத்தனை போராட்டம், எத்தனை பேச்சுவார்த்தை என்பது நமக்குத் தெரியாததா? கால் மணி நேரம் அவரை நிறுத்தினால் அதற்குரிய காசைக் கையில் கொடுங்கள். அதற்கு முன் “அக்கா, படம் எடுக்கலாமா?” என்று கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் கமராவைத் திருப்பிவிடுங்கள்.

இனிச் செலவு. எவ்வளவு ஆகும் என்பது ஆளுக்கு ஆள், பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் தொகை எதுவும் நான் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு கோடு கிழித்துச் சொல்வேன்: இதற்காக நகை அடகுக்குப் போகக் கூடாது. கடன் கம்பனிக்காரரிடம் கையெழுத்துப் போடக் கூடாது. வாராவாரம் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்பதை எத்தனை லயங்களில் பார்த்துவிட்டோம்! கையிலிருக்கும் காசுக்கு இரண்டு மணி நேரம் எடுத்தால் போதும். இருபது நல்ல படம் கிடைத்தால் அது ஒரு ஆயுசுக்குப் போதும். நம் தோட்டத்துப் பிள்ளைகளே கமரா வாங்கி இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்த படங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது பற்றுச்சீட்டு வாங்குங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை படம், எந்தத் திகதிக்குள் அல்பம், மழை வந்தால் என்ன, கமராக்காரர் வராவிட்டால் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். “தெரிந்த பையன்தானே” என்று வாய்ப்பேச்சில் விட்டுத்தான் பலர் பிறகு அலைகிறார்கள். ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். அப்போது அந்தத் தாள்தான் பேசும்.

அந்தத் தாளில் இன்னொரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். “எங்கள் இருவரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் எந்தப் படத்தையும் பேஸ்புக், டிக்டொக், இன்ஸ்டகிராம் எதிலும் போடக் கூடாது.” பெற்றோரே, தாலிக்கு முன்பா பின்பா என்று சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு இந்த வரியில் பிடிவாதமாக இருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மணப்பெண் தன் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அது ஊருக்கெல்லாம் போய்விட்டது. கமராக்காரர் தன் தொழிலுக்கு விளம்பரமாகப் போட்டிருந்தார். கீழே யார் யாரோ எழுதிய வார்த்தைகளை அந்தப் பிள்ளை இரவெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை தங்கமானவர், அதனால் கல்யாணம் நடந்தது. எல்லோருக்கும் அப்படி அமையுமா? ஏதோ காரணத்தால் நிச்சயித்தது நின்றுபோனால் அந்தப் படங்கள் யார் கையில் இருக்கும்? ஊர் யாரைப் பேசும்? பதில் நம் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே கொடுத்த படங்கள் எத்தனை, அவரிடம் மிச்சம் இருப்பவை எவை, எப்போது அழிப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாரும் திறக்கக்கூடிய இணைய இணைப்பாக அனுப்ப வேண்டாம், பென் டிரைவில் நேராகத் தாருங்கள் என்று சொல்லுங்கள். உடுப்பு மாற்றும் இடம் எது என்பதையும் முதலிலேயே கேளுங்கள். றோட்டோரத்தில் வேனுக்குப் பின்னால் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு மாற்றும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. தெரிந்த வீடு ஒன்றைச் சொல்லி வையுங்கள். துணைக்கு அக்காவோ சிநேகிதியோ போகட்டும், படமெடுக்கும்போது கொஞ்சம் தள்ளி உட்காரட்டும். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மகளிர் உதவிக்கு 1938 இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது. 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றிக் குறைகள் பல பேசப்படுகின்றன. ஆனாலும் முறைப்பாடு கொடுக்க நமக்கு வழி உண்டு என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கடிதம் எழுதிய அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். கமராக்காரர் உங்கள் வீட்டுக்கு வரத்தானே போகிறார்? நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு படமாவது எடுத்திருக்கிறீர்களா? அடுத்தவர் கல்யாண வீட்டில் பத்துப் பேருக்கு நடுவில் நின்றதைச் சொல்லவில்லை. மகளுக்கு எடுத்து முடிந்ததும் நீங்கள் இருவரும் போய் நில்லுங்கள். அவர் “எனக்கு எதுக்கு” என்பார். கேட்காதீர்கள், கையைப் பிடித்து இழுத்து வாருங்கள்.

எல்லா வாசகர்களுக்கும் சொல்கிறேன். தை இதழில் நான்கு பக்கங்களை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். கல்யாணமாகி இருபது வருஷம் தாண்டிய ஜோடிகள் படம் அனுப்பலாம். படத்தின் பின்புறம் இருவரின் பெயர், தோட்டத்தின் பெயர், கல்யாணமான வருஷம் எழுதியிருக்க வேண்டும். பிரசுரிக்கச் சம்மதம் என்று இருவரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு வரும் படத்தை நாங்கள் போட மாட்டோம், திருப்பி அனுப்பிவிடுவோம். கார்த்திகை முடிவதற்குள் கிடைக்கும்படி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்