மஞ்சளுக்கு எதிராக ஒரு சென்னைப் பையன்

2023 ஐபிஎல் இறுதியாட்டம் நினைவிருக்கிறதா? மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், நம் நேரப்படி விடியற்காலை நான்கு மணிக்கு முடிந்தது. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா அடித்த சிக்ஸரும் பவுண்டரியும் நேயர்களுக்கெல்லாம் மனப்பாடம்.

எனக்கு மறக்காதது சாய் சுதர்சன். சென்னைப் பையன், 21 வயது. குஜராத்துக்காக 47 பந்தில் 96 ஓட்டங்கள்! ஐபிஎல்லில் அவர் விலை 20 லட்சம் ரூபாய்தான். அதே ஆண்டு டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி கொடுத்ததோ 21.6 லட்சம். அன்று சென்னைக்கு ஆடியவர்களில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை.

மஞ்சள் சட்டை போட்ட நம்மில் எத்தனை பேர் அவர் சதத்துக்குக் கைதட்டத் தயாராக இருந்தோம்? பதிரானா பந்தில் அவர் ஆட்டமிழந்ததும் விசில் அடித்தவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.