22 காரட் என்றால் மட்டமா?

22 காரட் நாணயம் வாங்குகிறவர் செம்புக்கும் தங்க விலை கொடுக்கிறார் என்ற வாதம் கணக்கிலேயே இடறுகிறது. 1967-இல் தென்னாப்பிரிக்கா வெளியிட்ட குரூகராண்டின் மொத்த எடை ஏறத்தாழ 33.93 கிராம். அதில் தங்கம் மட்டும் 31.1 கிராம், அதாவது முழுதாக ஒரு டிராய் அவுன்ஸ். கனடாவின் 24 காரட் மேப்பிள் லீஃபிலும் அதே 31.1 கிராம்தான் இருக்கிறது. குரூகராண்டில் செம்பு தங்கத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. அதற்கு மேல் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. விலை போடுவதும் அந்த ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கே. நகையை நிறுத்து வாங்கும் பழக்கத்தை, தங்கத்தின் அளவு முன்பே வரையறுக்கப்பட்ட நாணயத்தின்மேல் ஏற்றுவதால் வரும் குழப்பம் இது. வாங்குபவர் பார்க்க வேண்டியது, அந்தத் தங்கத்தின் சந்தை விலைக்கு மேல் விற்பவர் எவ்வளவு கேட்கிறார் என்பதைத்தான்.

செம்பு வீணும் அல்ல. சுத்தத் தங்கம் மென்மையானது, எளிதில் கீறல் விழும். பிரிட்டனின் சவரன் 1817 முதல் 22 காரட்டில் வந்ததற்கு உறுதியே காரணம். முதலீட்டு நாணயம் கடைத்தெருவில் புழங்குவதில்லையே என்று கேட்கலாம். புழங்காவிட்டாலும் கைமாறும்போதெல்லாம் அதை எடுத்துச் சோதிக்கிறார்கள். சட்டமே தூய்மையைத்தானே கேட்கிறது என்பது இன்னும் வலுவான மறுப்பு. அமெரிக்க ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குகளில் குரூகராண்டுக்கு இடமில்லை, உண்மைதான். ஆனால் அதே 22 காரட் கொண்ட அமெரிக்கன் ஈகிளுக்கு அங்கே தனிவிலக்கு உண்டு. உலோகம் மட்டமென்றால் அந்த விலக்கு எதற்கு? ஐரோப்பிய ஒன்றியம் முதலீட்டு நாணயத்தின் வரிவிலக்குக்குக் கேட்பதும் ஆயிரத்துக்கு 900 பங்குத் தூய்மையே. 22 காரட்டில் 916 பங்கு இருக்கிறது.