கல்யாண வீட்டு ட்ரோன்: ரெட்டியார்பாளையத்துல பறக்கவிடலாமா?

முகூர்த்த நாள்ல விழுப்புரம் மெயின் ரோட்டுல, இந்திரா காந்தி சிலையைத் தாண்டி ரெட்டியார்பாளையம் பக்கம் போயிருக்கீங்களா? மண்டப வாசல்ல வாழை மரம், உள்ளே நாதஸ்வரம், தலைக்கு மேல விர்ருன்னு ஒரு ட்ரோன். மாப்பிள்ளை அழைப்புக்கு ட்ரோன் ஷாட் இல்லைன்னா வீடியோவே முழுசா இல்லைன்னு நினைக்கிற காலம் இது. அதைப் பார்த்து, 'நாமளும் ஒண்ணு வாங்கி இறங்கிடலாமா?'ன்னு உங்களுக்கும் தோணியிருக்கும். போனைத் திறந்தா 'ஒரே வாரத்தில் ட்ரோன் பைலட்' விளம்பரம் வேற துரத்துது.

தாராளமா இறங்கலாம். ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: அந்த மண்டபத்துக்கு மேல பறக்க அனுமதி இருக்கா?

பக்கத்துலயே ஏர்போர்ட்!

இந்தியாவில் ட்ரோன் பறக்கவிடுவதற்கான அடிப்படை, 2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகள். வானத்தை மூணு நிறமா பிரிச்சிருக்காங்க. பச்சைன்னா 400 அடி வரை யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சள்னா விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேணும். சிவப்புன்னா மத்திய அரசின் அனுமதி இல்லாம தொடவே கூடாது. எந்த இடம் என்ன நிறம்னு 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தின் வரைபடத்தில் பார்க்கலாம்.

விமான நிலையத்துக்குன்னு தனிக் கணக்கு இருக்கு. அதன் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை, 200 அடிக்குள் பறந்தால் மட்டும்தான் பச்சை. 8 கிலோமீட்டருக்குள் வந்துட்டா அந்தச் சலுகையும் கிடையாது.

லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது நமக்கெல்லாம் தெரியும். அங்கிருந்து ரெட்டியார்பாளையம் எட்டு கிலோமீட்டருக்கு வெகு உள்ளேயே வருது. மூலக்குளத்துக்கும் இதே கதைதான். 'அங்கே ஒரு நாளைக்கு எத்தனை ஃப்ளைட் வரப்போகுது?'ன்னு கேட்கலாம். விதி ஃப்ளைட்டை எண்ணிப் பார்த்து வர்றதில்லை, பாஸ். விமானம் இறங்குற நேரம் மாப்பிள்ளை அழைப்பு நேரமாவும் இருக்கலாம்.

அதே ட்ரோனை பாகூர் வயல்வெளிக்குக் கொண்டுபோனால் நிலைமை வேற. அங்கே விமான நிலையத்திலிருந்து 12 கிலோமீட்டரைத் தாண்டியாச்சு. வரைபடம் பச்சைன்னு காட்டினா 400 அடி வரை பறக்கலாம். ஆக, கையில இருக்குற ட்ரோனைப் பார்க்குறதுக்கு முன்னாடி, நிக்குற இடத்தைப் பார்க்கணும்.

'என்னோடது சின்ன ட்ரோன்தானே?'

250 கிராம் வரை நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். நானோவுக்கு பைலட் சர்ட்டிஃபிகேட் தேவையில்லை. மைக்ரோவை பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டாலும் தேவையில்லை. ஆனா காசு வாங்கிக்கிட்டு கல்யாணம் எடுத்தா அது தொழில். மைக்ரோவுக்கு சர்ட்டிஃபிகேட் கட்டாயம்.

முக்கியமான விஷயம், எடைக்குத்தான் சலுகை, வானத்துக்கு இல்லை. சிவப்பும் மஞ்சளும் நானோவுக்கும் பொருந்தும். ஏன்னு கேட்டா 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே காட்டுத்தீயை அணைக்கப் பறந்துகிட்டு இருந்த 'சூப்பர் ஸ்கூப்பர்' விமானத்தின் இறக்கையில ஒரு ட்ரோன் மோதி ஓட்டையே போட்டுடுச்சு. விமானம் பத்திரமா தரையிறங்கினாலும், தீ எரிஞ்சுகிட்டு இருந்தப்போ ரிப்பேருக்காக அது சும்மா நிக்க வேண்டியதாச்சு. மோதியது டி.ஜே.ஐ மினி 3 ப்ரோ. எடை 249 கிராம்!

ஆபத்து மேலே மட்டும் இல்லை, கீழேயும் இருக்கு. 2015-ல் மெக்ஸிகோவின் டிஹுவானா மேடையில் பாடகர் என்ரிக் இக்லேசியாஸ் கேமரா ட்ரோனைக் கையால் பிடிக்கப்போய் விரல்களைக் கிழிச்சுக்கிட்டார். நம்ம மண்டப வாசல்ல குழந்தைகள் ட்ரோனைப் பார்த்ததும் கையைத் தூக்கிட்டு ஓடிவர்ற காட்சியை நினைச்சுப் பாருங்க.

கோர்ஸ்ல சேரும்முன் கேட்க வேண்டியவை

சர்ட்டிஃபிகேட் வாங்க 18 முதல் 65 வயசு வரை இருக்கணும், பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணியிருக்கணும். டி.ஜி.சி.ஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் படிச்சு தேர்வில் தேறினா 10 வருஷம் செல்லுபடியாகும் ரிமோட் பைலட் சர்ட்டிஃபிகேட் கிடைக்கும். 2023 திருத்தத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் கூட வேண்டாம். அரசு கொடுத்த அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் போதும்.

சர்ட்டிஃபிகேட்டுக்கான அரசுக் கட்டணம் வெறும் 100 ரூபாய்தான். மீதி பல ஆயிரங்கள் பயிற்சிக்குப் போகுது. அதனால பணம் கட்டும்முன் இதையெல்லாம் கேளுங்க:

* அந்த நிறுவனம் டி.ஜி.சி.ஏ-வின் அங்கீகாரப் பட்டியலில் இன்னைக்கும் இருக்கா?
* எந்த எடைப் பிரிவுக்கு சர்ட்டிஃபிகேட் தருவாங்க? நீங்க செய்யப்போற வேலைக்கு அது பொருந்துமா?
* கம்ப்யூட்டர் சிமுலேட்டர் போக, நிஜ ட்ரோன் எத்தனை மணி நேரம் உங்க கையில இருக்கும்?
* பழைய மாணவர்கள்ல ரெண்டு பேர்கிட்ட பேச முடியுமா?

கல்யாணம் மட்டும்தான் வேலைன்னும் நினைக்காதீங்க. மத்திய அரசின் 'நமோ ட்ரோன் தீதி' திட்டம் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விவசாய ட்ரோன் தர்றதா அறிவிச்சது. அதுல பயிற்சி 15 நாள். 5 நாள் ட்ரோன் ஓட்ட, 10 நாள் மருந்து தெளிக்கிற வேலையைக் கத்துக்க. கவனிச்சீங்களா? ஓட்டக் கத்துக்குற நாளைவிட தொழிலைக் கத்துக்குற நாள் ரெண்டு மடங்கு!

ட்ரோன் வாங்குறதுலயும் கவனம் தேவை. 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கு. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. பில் இல்லாம 'சல்லிசா' வர்றதை வாங்கினா, நாளைக்கு ஒரு பிரச்னைன்னா உங்க பக்கம் பேச ஒரு காகிதம்கூட இருக்காது.

'முடியாது'ன்னு சொல்ல ஒரு கூட்டம் வேணும்

இப்போ நிஜமான சிக்கலுக்கு வருவோம். விதி உங்களுக்குத் தெரியும். வரைபடத்தையும் பார்த்துட்டீங்க. ஆனா பொண்ணோட அப்பா, 'என்ன தம்பி, போன வாரம் இதே மண்டபத்துல பறந்துச்சே?'ன்னு கேட்பார். நீங்க மறுத்தா அடுத்த கல்யாணம் இன்னொருத்தருக்குப் போயிடும். நாள் கூலிக்கு வர்ற 22 வயசுப் பையன் தனியா நின்னு எப்படி 'முடியாது'ன்னு சொல்வான்?

விதி மீறினா ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2021 விதிகளிலேயே இடமிருக்கு. 2025 செப்டம்பரில் மத்திய அரசு கருத்துக் கேட்டு வெளியிட்ட சிவில் ட்ரோன் மசோதா வரைவு இன்னும் ஒருபடி மேல போய் சிறைத் தண்டனை, பறிமுதல்னு பேசுச்சு. ட்ரோன் துறையினர் அதைக் கடுமையா எதிர்த்தாங்க. தண்டனை எவ்வளவுன்னு அவங்க பேசிக்கட்டும். ஆனா மாட்டப்போறது ரிமோட்டைக் கையில வச்சிருக்கிற நீங்கதான், ஷாட் கேட்டவர் இல்லை.

அதனாலதான் 'நெட்வொர்க்கிங்'கிறதை வேலை பிடிக்கிற வழியா மட்டும் பார்க்காதீங்க. அது பாதுகாப்புக்கும்தான். ஊர்ல இருக்குற போட்டோகிராபர்கள், ட்ரோன் பைலட்டுகள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பில், 'அனுமதி இல்லாம இந்த ஏரியாவுல யாரும் ஏத்துறதில்லை'ன்னு முடிவெடுத்தா, கஸ்டமர்கிட்ட எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லலாம். வி.ஐ.பி வருகைக்காக ட்ரோனுக்குத் தடை போட்டா அந்தத் தகவலும் அதுலயே வந்துடும். அனுமதிக்கு எப்படி விண்ணப்பிக்கிறது, எந்த இன்ஷூரன்ஸ் சரியா வரும்னு கேட்கவும் ஆள் இருக்கும்.

புக்கிங் வர்றப்பவே மண்டபம் எதுன்னு கேளுங்க. வரைபடத்தைப் பாருங்க. அனுமதி கிடைக்காத இடம்னா, முன்பணம் வாங்கும்போதே சொல்லிடுங்க. வெளிப்புறப் படப்பிடிப்பை பச்சை ஏரியாவுக்கு மாத்தலாமான்னும் கேட்டுப் பாருங்க. பாகூர் ஏரிக்கரையில சாயங்கால வெளிச்சத்துல எடுக்குற ஷாட், மண்டப மொட்டை மாடியைவிட எவ்வளவோ அழகா இருக்கும்!