வயலில் போன உயிருக்கு யார் பொறுப்பு?



தொழிற்சாலையில் ஒருத்தருக்குக் கை போனால் ஆய்வாளர் வருவார், கேஸ் நடக்கும், நஷ்டஈடு பேசுவார்கள். நம்ம வயலில் மருந்து அடித்தவர் வரப்பில் மயங்கி விழுந்தால்? "வெறும் வயித்துல அடிச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம் வயலுக்கு வரவில்லை. அதனால் நமக்குச் சட்டமே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு.

சட்டம் இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் டிராக்டர், மின்சாரக் கருவிகள் வைத்து விவசாய வேலை செய்பவர், பூச்சிமருந்து தெளிப்பவர், மெஷின் வைத்து அறுவடையும் கதிரடிப்பும் செய்பவர் என எல்லோரும் இருந்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 வந்துவிட்டது. சட்டத்தின் பெயர்தான் மாறியது, பொறுப்பு மாறவில்லை.

அந்தப் பொறுப்பு யார் தலையில்? வேலைக்குக் கூப்பிட்டவர் தலையில். அதாவது, நம் தலையில்!

பழைய சட்டத்தின் கணக்கையே பாருங்கள். 40 வயது ஆள் இறந்துபோனால், மாதக் கூலியில் பாதியை 184.17ஆல் பெருக்க வேண்டும். மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தால் 13 லட்சத்து 81 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. உயிர் போன வழக்கில் "அவன் கவனக்குறைவா இருந்தான்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஒன்றரை ஏக்கர் குத்தகைக்காரன் எங்கே போவான்? ஆனால் செத்துப்போனவர் வீட்டில் அடுத்த வேளை அடுப்பு எரிய வேண்டாமா? இரண்டு பக்கமும் நம்ம ஜனம்தான்.

கசப்பான பேச்சுதான். சங்கம் என்றால் அரசைத் திட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முதலில் நம் வீட்டைப் பெருக்குவோம். எலிக்கு என்று வரப்பைச் சுற்றிக் கம்பி இழுத்துக் கரண்ட் விடுகிற வழக்கத்தை இன்றோடு விட வேண்டும். விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் அதை மிதித்தால் உயிர் போய்விடும். கவனக்குறைவால் மரணம் என்றாலே 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. எலி தின்ற நெல்லை அடுத்த போகத்தில் எடுக்கலாம், போன உயிரை எடுக்க முடியுமா?

சரி, எல்லாப் பொறுப்பும் நம்மோடு நின்றுவிடுகிறதா? இல்லை.

விஷத்தைத் தயாரித்து விற்கிற கம்பெனிக்கும் கடமை உண்டு. மருந்தைக் கையாளுகிறவருக்குப் பாதுகாப்பு உடை, சுவாசக் கவசம் வேண்டும் என்றும், கம்பெனியும் விற்பவரும் முறிமருந்து வைத்திருக்க வேண்டும், பயிற்சி தர வேண்டும் என்றும் பூச்சிக்கொல்லி விதிகள் 1971 சொல்கின்றன. எந்தக் கடையில் நமக்குக் கையுறை கொடுத்தார்கள்? துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதானே அடிக்கிறோம்! 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். அதே ஆண்டில் நம்ம பெரம்பலூர் பக்கமும் சாவு விழுந்தது. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். மருந்துக்கு மத்திய அரசு தடை போட்டது 2023இல்தான். அதற்குள் போன உயிருக்கு யார் பதில் சொல்வது?

மெஷின் செய்கிறவருக்கும் கடமை உண்டு. கதிரடிக்கும் மெஷினில் கை போனவர்கள் பெருகியதால்தான் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மின்வாரியத்துக்கும் கடமை உண்டு. அறுந்து கிடந்த கம்பியால் ஒருவர் இறந்தால், அலட்சியம் இருந்ததா இல்லையா என்று பார்க்காமலே வாரியம் இழப்பீடு தர வேண்டும் என்று மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாழத் தொங்கும் கம்பியைப் பற்றி மனு எழுதி, அதற்கு ரசீது வாங்கி வையுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

நாம் செய்ய வேண்டியவை:

1. காற்றுக்கு எதிராகவும் வெறும் வயிற்றிலும் யாரையும் மருந்து அடிக்க விடாதீர்கள். மயக்கம் வந்தால் டப்பாவையும் லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. டிராக்டர் மட்கார்டிலும் ரோட்டோவேட்டர் மேலும் ஆள் ஏற்றாதீர்கள். வாடகை மெஷின் வயலில் இறங்குவதற்கு முன் இன்சூரன்ஸ் காகிதத்தைப் பாருங்கள்.

3. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தரும் பிரதமர் சுரக்ஷா பீமாவில் வீட்டு ஆட்களையும் வேலைக்கு வருபவர்களையும் பேங்கில் சேர்த்துவிடுங்கள். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையையும் வாங்கி வையுங்கள்.

அரசை நாம் கேட்பவை:

1. சிறு, குறு விவசாயி, குத்தகைதாரர் சார்பில் இழப்பீட்டுக் காப்பீட்டின் பிரீமியத்தை அரசே கட்ட வேண்டும்.

2. மருந்து விற்கும்போது கையுறையும் முகக்கவசமும் சேர்த்தே தர வேண்டும். செலவு கம்பெனியுடையது.

3. சீர்காழி, கொள்ளிடம் வட்டார ஆஸ்பத்திரிகளில் முறிமருந்து எந்நேரமும் இருக்க வேண்டும்.

4. விவசாயத்தில் பாதுகாப்பு பற்றி 2001இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 184ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும்.

விவசாயியையும் கூலி ஆளையும் கோர்ட்டில் எதிரெதிரே நிறுத்திவிட்டு, கம்பெனியும் அரசும் வேடிக்கை பார்க்க விட மாட்டோம். இரண்டு பேரும் ஒரே வரப்பில் நின்று கேட்போம். சீர்காழி வட்டாட்சியர் அலுவலக ஆர்ப்பாட்டத்துக்குத் தனியாக வராதீர்கள். உங்கள் வயலில் நாற்று நட்டவரையும் மருந்து அடித்தவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்!